அம்பாரம் யார் கையில்? – செங்கோட்டைக் கணவாயில் விலையும் எல்லையும்

1

'விலையைக் கட்டுப்படுத்த முடியுமா?' என்கிற கேள்விக்கு நம்மிடம் இரண்டு ஆயத்த விடைகள் இருக்கின்றன. அரசு நினைத்தால் முடியும் என்பது ஒன்று. சந்தையில் கைவைத்தால் சரக்கு ஒளிந்துகொள்ளும் என்பது மற்றொன்று. முன்னதை மேடைகளிலும் பின்னதைப் பொருளாதாரப் பாடநூல்களிலும் கேட்டுச் சலித்திருக்கிறோம். எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டுக்கும் பொதுவான அனுமானம் ஒன்றுண்டு: அரசதிகாரத்துக்கு வெளியே, தன்போக்கில் ஏறி இறங்குகிற 'இயற்கை விலை' என ஒன்று இருக்கிறது என்பது. தென்காசிக்கும் ஆரியங்காவுக்கும் இடையிலுள்ள சின்ன நிலத்துண்டின் வரலாறு இந்த அனுமானத்தைக் கலைத்துப்போடுகிறது என்பதே என் வாதம்.

குற்றாலத்திலிருந்து தொடங்கலாம். சாரலுக்கும் அருவிக்கும் பேர்போன இந்த மலைச்சரிவில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி ஜாதிக்காய், கிராம்பு, லவங்கப்பட்டைத் தோட்டம் போட்டது. அதுவரை ஜாதிக்காயும் கிராம்பும் டச்சுக்காரர் பிடியில் இருந்தன. விலை இறங்கிவிடக் கூடாதென்று, தாம் அனுமதித்த தீவுகளுக்கு வெளியே இருந்த கிராம்பு மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்தவர்கள் அவர்கள். அந்த ஏகபோகத்தை உடைக்கும் முயற்சிகளில் ஒன்றுதான் குற்றாலத் தோட்டம். ஆக, 'உலகச் சந்தை விலை' என்று சொல்லப்பட்டதன் பின்னால் கோடரியும் கப்பற்படையும் நின்றன. விலையை மேலே தூக்கி நிறுத்த அதிகாரம் பயன்பட்டபோது யாரும் அதைச் 'சந்தையில் தலையிடுவது' என்று சொன்னதாகத் தெரியவில்லை. ஏழை வயிற்றுக்காக விலையைக் கீழே இழுக்கும்போது மட்டும் இந்த வார்த்தை வந்துவிடுகிறது.

2

இரண்டாம் உலகப் போர்க்காலம் இந்த விவாதத்துக்குப் பெரிய பாடம். 1941 டிசம்பரில் இந்திய அரசு கோதுமைக்கு உச்சவிலை வைத்தது. கோதுமை சந்தையைவிட்டு மறைந்தது. 1943 ஜனவரியில் அந்த உத்தரவை எடுத்தார்கள். வங்காளத்தில் 1942 ஜூலையில் அரிசிக்கு உச்சவிலை வைத்தார்கள், பலிக்கவில்லை. 1943 மார்ச்சில் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். விலை கட்டறுத்துப் பாய்ந்தது. லட்சக்கணக்கானோர் செத்தார்கள். இதில் ஒரு பாதியை மட்டும் வாசித்துவிட்டு 'கட்டுப்பாடு தோற்றது' என்று எழுதுகிறவர்கள் மறுபாதியை வசதியாக விட்டுவிடுகிறார்கள். கட்டுப்பாடும் தோற்றது, கட்டுப்பாட்டை நீக்கியதும் தோற்றது. இரண்டு சமயத்திலும் அரசின் கையில் போதிய தானியம் இல்லை. கிட்டங்கி காலியாக இருக்கையில் பலகையில் என்ன விலை எழுதினால் என்ன? சட்டம் போட்டாச்சு, வெல எறங்கிரும்னு உட்கார்ந்திருந்தா எறங்குமா?

இதே காலத்தில் நம் கணவாய்க்கு மேற்கே நடந்தது வேறு. திருவிதாங்கூர் தன் அரிசித் தேவையில் பெரும்பகுதிக்குப் பர்மாவை நம்பியிருந்த சமஸ்தானம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் அந்த வழி அடைபட்டது. பட்டினியும் நோயும் அங்கும் ஆளைக் கொன்றன. ஆனால் திருவிதாங்கூர் உச்சவிலையோடு நின்றுவிடவில்லை. கொள்முதல் செய்தது, நகரங்களுக்கு மட்டுமின்றிக் கிராமங்களுக்கும் ரேஷன் கொண்டுபோனது. அளவு போதவில்லை என்பது உண்மை. இருந்தும், விலை என்பது அங்கே பலகை எழுத்தாக மட்டும் நிற்கவில்லை; பின்னால் ஒரு மூட்டை இருந்தது.

3

செங்கோட்டை அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. தென்காசி சென்னை மாகாணம். இடையில் சில மைல்தான். ஒரே சாரல், ஒரே மாதிரி வயல், ஒரே பேச்சு, கொள்வினை கொடுப்பினை. நடுவில் ஒரு எல்லை. நெல் எந்தப் பக்கம் விளைந்தது என்பதைப் பொறுத்து அது எந்த அரசின் கணக்கில் சேரும், என்ன விலைக்குப் போகும் என்பது தீர்மானமாயிற்று. 1956 நவம்பர் 1இல் செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆரியங்காவு கேரளத்தில் நின்றது. கோடு மலைமேல் ஏறியது. விலைகளைப் பிரிக்கும் இடமும் கூடவே ஏறியது.

1957இல் தென் மாநிலங்களை ஒரே அரிசி மண்டலமாக்கியபோது இந்தக் கோடு மங்கியது. 1964-65இல் மாநிலத்துக்கு ஒரு மண்டலம் என்று பிரித்தபோது மறுபடி இறுகியது. நேற்றுவரை 'வியாபாரம்' என்றிருந்தது மறுநாள் 'கடத்தல்' ஆனது. குற்றம் என்பது செயலில் இல்லை, கோட்டில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மடியிலும் கூடையிலும் சில படி அரிசியை ஒளித்துக்கொண்டு ரயிலேறிய பெண்களைப் பற்றி இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களைப் 'பதுக்கல்காரர்' என்று எந்த அகராதியில் சேர்ப்பது? இங்கே கூலி போதாமல், அங்கே அரிசி போதாமல், இரண்டு போதாமைகளுக்கும் நடுவே தலைச்சுமையாக நடந்தவர்கள் அவர்கள். இலவச ரேஷன் அரிசி இன்றும் புளியரை சோதனைச் சாவடியில் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கிறது. விலை இல்லாத அரிசிக்கும் விலையுள்ள அரிசிக்கும் இடையே ஒரு மலை இருந்தால் அரிசி மலையேறத்தான் செய்யும்.

4

'அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாம்' என்பவர்கள் 1952ஐ எடுத்துவருவார்கள். அந்த ஆண்டு ஜூனில் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். பயந்த அளவுக்கு விலை ஏறவில்லை. ஆனால் அப்போது மத்திய அரசின் கையிருப்பு முட்டுக்கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1967இல் 'ரூபாய்க்கு ஒரு படி' அரிசித் திட்டத்தை அண்ணா தொடங்கியபோது அது சென்னையோடும் கோவையோடும் நின்றதற்கும் அம்பாரத்தின் அளவே காரணம். தென்காசிக் கூலிக்காரிக்கு அந்தப் படி வந்து சேரவில்லை. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவாகி, கொள்முதலும் கிடங்கும் கடையும் ஒரே சங்கிலியாக வளர்ந்தபோதுதான் அரிசி விலைக்கு இங்கே ஒரு கூரை அமைந்தது.

இதில் இன்னொரு வரலாறும் கலந்திருக்கிறது. சிற்றாற்றுப் பாசன வயல்களில் அறுப்புக் கூலியைக் கொத்தாக, நெல்லாகவே அளந்தார்கள். அது அடிமைத்தனத்தோடு பிணைந்த முறை. அதற்காக ஏங்க வேண்டியதில்லை. ஆனால் நெல்லில் கூலி வாங்கியவள் வயிற்றை நெல் விலை நேரடியாகத் தொடவில்லை. கூலி துட்டாக மாறியதும் சந்தையின் ஒவ்வொரு ஏற்றமும் அவள் உலைக்குள் வந்து விழுந்தது. ரேஷன் கடை என்பது, என் வாசிப்பில், அந்தக் கொத்தை ஆண்டையிடமிருந்து பிடுங்கி உரிமையாக மாற்றிக்கொண்ட இடம். அதைச் 'சலுகை' என்பது ஆண்டையின் மொழி.

காய்கறிக்கு இந்தச் சங்கிலி கிடையாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. விற்ற அளவுக்கு நிம்மதி, அவ்வளவுதான். அதே தக்காளி சில ரூபாய்க்கு இறங்கும்போது பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கத்துச் சம்சாரி பறிகூலிக்கே கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுகிறார். ஓணத்துக்குக் கேரள வியாபாரி வந்தால் விலை, வராவிட்டால் குப்பை. வெல ஏறுனா ஏவாரி காட்டுல மழை, எறங்குனா சம்சாரி தலையில துண்டு. நகரத்தில் விலை ஏறினால் செய்தி. கிராமத்தில் இறங்கினால் அது 'இயற்கை'.

1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருள் சட்டத்தை 2020இல் திருத்தினார்கள். காய்கனி விலை இரு மடங்கானால்தான், கெடாத பொருள்கள் விலை ஒன்றரை மடங்கானால்தான் இருப்புக்கு வரம்பு வைக்கலாம் என்றார்கள். உழவர் போராட்டத்தால் 2021இல் அது ரத்தானது. நல்லது. ஆனால் பழைய சட்டம் திரும்பியதால் மட்டும் கிட்டங்கி நிரம்பிவிடாது.

எனவே 'விலையைக் கட்டுப்படுத்து' என்ற முழக்கம் போதாது. எந்த விலைக்கு, யாரிடம் வாங்கினாய்? எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது? யாருக்குப் போகிறது? இந்தக் கணக்கை ஊர் முன்னால் வை என்று கேட்க வேண்டும். விற்பவருக்கு அடிவிலை இல்லாமல் வாங்குபவருக்கு உச்சவிலை கேட்பது, ஒரு ஏழையின் சோற்றை இன்னொரு ஏழையின் தட்டிலிருந்து எடுப்பதாகவே முடியும். விலையை எழுதும் பலகையை யார் வேண்டுமானாலும் தொங்கவிடலாம். அம்பாரம் யார் கையில் என்பதே அரசியல்.