கரடி மறுவாழ்வு மற்றும் பாதுகாப்பு மையம், பாக்கே

கரடி மறுவாழ்வு மற்றும் பாதுகாப்பு மையம் என்பது இந்தியாவின் அருணாசலப் பிரதேச மாநிலத்தில், பாக்கே காட்டுயிர் சரணாலயத்தில் அமைந்துள்ள மையமாகும். தாயை இழந்த ஆசியக் கறுப்புக் கரடிக் குட்டிகளை வளர்த்து மீண்டும் காட்டில் வாழவிடுவது இதன் முதன்மைப் பணியாகும். 2002 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இம்மையத்தின் பணிகளில் மாநில வனத்துறை, இந்தியக் காட்டுயிர் அறக்கட்டளை, விலங்கு நலத்துக்கான பன்னாட்டு நிதியம் ஆகிய மூன்றும் இணைந்துள்ளன.

அமைவிடம்

பாக்கே சரணாலயம் சுமார் 862 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இதன் மேற்கிலும் வடக்கிலும் காமெங் ஆறும், கிழக்கில் பாக்கே ஆறும் எல்லைகளாக உள்ளன. தெற்கில் அசாம் மாநிலத்தின் நமேரி தேசியப் பூங்கா தொடர்கிறது. முன்னர் பக்குயி என அழைக்கப்பட்ட இச்சரணாலயம் 2002 இல் புலிகள் காப்பகமானது. இதனைச் சுற்றியுள்ள ஊர்களில் பெரும்பாலும் நிசி பழங்குடியினர் வாழ்கின்றனர்.

குட்டிகள் தாயை இழத்தல்

தாய்க்கரடி வேட்டையாடப்படுவதே குட்டிகள் தனித்து விடப்படுவதற்கு முக்கியக் காரணமாகும். இறைச்சிக்காகவும் பித்தப்பைக்காகவும் கரடிகள் கொல்லப்படுகின்றன. பயிர்களைக் காக்கும் பொருட்டும் சில கொல்லப்படுவதுண்டு. கரடியின் பித்தநீர் கிழக்காசிய மரபு மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அதிலுள்ள அமிலம் இன்று ஆய்வகங்களில் செயற்கையாகவே தயாரிக்கப்படுகிறது என்றாலும் பித்தப்பை வணிகம் ஓயவில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இவ்வினத்தை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி இதனை வேட்டையாடுவது குற்றமாகும்.

தாய் இறந்தபின் பிடிபடும் குட்டிகளைச் சிலர் வீட்டில் செல்லமாக வளர்க்கின்றனர். சில மாதங்களில் குட்டியின் பல்லும் நகமும் வலுப்பெற்றுவிடும். அதற்குமேல் வைத்திருக்க இயலாத நிலையில் அது வனத்துறையிடம் ஒப்படைக்கப்படுகிறது. மனிதரிடையே கழிந்த காலம் கூடக்கூட, அக்குட்டி காட்டுக்குத் திரும்பும் வாய்ப்பு குறைகிறது.

வளர்ப்பு

பிறக்கும்போது கரடிக் குட்டியின் எடை அரைக் கிலோகிராமுக்கும் குறைவாகும். கரடிப் பாலில் கொழுப்பு மிகுதியாகவும் பால்வெல்லம் மிகக் குறைவாகவும் இருக்கும். எனவே பசும்பாலை அப்படியே கொடுத்தால் குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு ஏற்படக்கூடும். இதனால் கொழுப்பு மிகுந்த மாற்றுப்பால் புட்டிகளில் புகட்டப்படுகிறது. பின்னர் படிப்படியாகக் கஞ்சி, பழங்கள் போன்ற திட உணவுகள் சேர்க்கப்படுகின்றன.

காட்டு நடை

இயற்கையில் குட்டிகள் சுமார் இரண்டு ஆண்டுகள் தாயுடன் திரிகின்றன. எப்பருவத்தில் எம்மரம் பழுக்கும், கறையான் எங்கே கிடைக்கும், ஆபத்து வந்தால் எதில் ஏறுவது என்பவற்றை அக்காலத்திலேயே அறிந்துகொள்கின்றன. பாக்கேயில் தாயின் இடத்தை ஒரு பராமரிப்பாளர் ஏற்கிறார். அவர் குட்டிகளை நாள்தோறும் காட்டுக்குள் அழைத்துச் செல்கிறார். குட்டிகள் தாமே முகர்ந்தும் தோண்டியும் மரமேறியும் இரை தேடுகின்றன. பராமரிப்பாளர் அவற்றுக்குக் கற்பிப்பதில்லை. அவர் அருகில் இருப்பதே குட்டிகளுக்குத் துணிவளிக்கிறது.

நாளடைவில் குட்டிகள் அவரை விட்டு விலகித் தொலைவு செல்கின்றன. அழைத்தாலும் திரும்பத் தயங்குகின்றன. இதுவே அவை விடுதலைக்கு ஆயத்தமாகிவிட்டதன் அறிகுறியாகும். அதன்பின் கழுத்தில் வானொலி அலைபரப்பியுடன் கூடிய பட்டை அணிவிக்கப்பட்டு, நடமாட்டம் தொலைவிலிருந்து கண்காணிக்கப்படுகிறது.

ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஆம்சயரில் பென் கில்காம் என்பவரும் 1990களில் அமெரிக்கக் கறுப்புக் கரடிக் குட்டிகளுடன் இவ்வாறே காட்டில் நடந்து அவற்றை வளர்த்தார்.

மாற்று முறை

உருசியாவின் திவேர் மாகாணத்தில் உள்ள புபோனித்சி என்னும் சிற்றூரில், உயிரியலாளர் வலந்தீன் பசெத்னொவ் (இறப்பு: 2021) இதற்கு நேர்மாறான முறையை வளர்த்தெடுத்தார். அங்கே பழுப்புக் கரடிக் குட்டிகளிடம் பணியாளர்கள் பேசுவதில்லை, கொஞ்சுவதுமில்லை. உருவத்தை மறைக்கும் உடையணிந்து, உணவளித்தவுடன் விலகிவிடுவர். குட்டிகள் ஒன்றுக்கொன்று துணையாக வளர்ந்து, பெரும்பாலும் ஓராண்டு நிறைவதற்குள் காட்டில் விடப்படுகின்றன. இம்மையம் 200க்கும் மேற்பட்ட குட்டிகளைக் காட்டுக்கு அனுப்பியுள்ளது.

ஒரு முறையில் மனிதர் தாயாகிப் பின் விலகுகிறார். மற்றதில் தொடக்கம் முதலே விலகி நிற்கிறார். மனிதரை நாடிவரும் கரடி நெடுநாள் உயிர்வாழாது என்பதே இரண்டுக்கும் அடிப்படையாகும்.

வரம்புகள்

மனிதரை அஞ்சாத கரடி ஊருக்குள் நுழைந்து பயிரையோ உணவையோ தேடக்கூடும். அவ்வாறு வரும் கரடி கொல்லப்படும் ஆபத்து மிகுதி. மனிதரிடம் மிகவும் பழகிவிட்ட கரடிகளை வாழ்நாள் முழுதும் அடைப்பிலேயே வைத்திருக்க நேரிடும். மேலும், குட்டி காட்டுக்குத் திரும்பினாலும், இன்னும் பலமுறை ஈனக்கூடிய தாயின் இழப்பு ஈடுசெய்யப்படுவதில்லை. எனவே வேட்டையைத் தடுப்பதும், பிடிபட்ட குட்டியை ஊரார் காலம் தாழ்த்தாது வனத்துறையிடம் ஒப்படைப்பதும் மறுவாழ்வுப் பணியைப் போலவே இன்றியமையாதனவாகும்.

இவற்றையும் பார்க்கவும்

ஆசியக் கறுப்புக் கரடி
பாக்கே புலிகள் காப்பகம்
நமேரி தேசியப் பூங்கா