மதுச்சாலையின் கடைசி மூன்று வாரங்கள்

நியூயார்க் நகரத்தில் பிராட்வே வீதியும் 42-ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில், 1906-ஆம் ஆண்டில் ஜான் ஜேகப் ஆஸ்டர் என்ற கோடீசுவரர் நிக்கர்பாக்கர் என்னும் பெரிய ஹோட்டலைத் திறந்தபோது, அதன் மதுச்சாலைக்கென்றே மாக்ஸ்ஃபீல்டு பாரிஷ் என்ற சித்திரக்காரரைக் கொண்டு, ஆங்கிலக் குழந்தைகளின் பாட்டில் வருகிற கோல் ராஜா சிம்மாசனத்தில் வீற்றிருந்து புன்னகை புரியும் காட்சியை ஏறக்குறைய 30 அடி நீளத்துக்கு எழுதுவித்தார். ஆஸ்டர் 1912-இல் டைட்டானிக் கப்பலோடு மூழ்கிப்போனார்; ராஜாவின் புன்னகைக்குக் கீழே நகரத்துக் கனவான்களும் கல்லூரி வாலிபர்களும் குடித்துக்கொண்டேயிருந்தார்கள்.

அந்தப் படத்தின் கீழேதான் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு தம் முதல் நாவலாகிய ‘திஸ் சைட் ஆஃப் பாரடைஸ்’ கதையின் நாயகன் அமோரி பிளேனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். ரோஸலிண்டு என்ற பெண் அவனை மனமார நேசித்தும், வாரம் 35 டாலர் சம்பாதிப்பவனோடு வாழ முடியாதென்று விலக்கிவிடுகிறாள். அவள் வீட்டிலிருந்து நடந்து வந்த அமோரி, மதுச்சாலை வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான்; தன் வாழ்வின் ஒரு பகுதி எந்த நிமிஷத்தில் முடிந்தது என்பதைப் பிற்காலத்தில் துல்லியமாக நினைத்துக்கொள்ள வேண்டுமாம். மணி எட்டு இருபது. தேதி 1919 ஜூன் 10. உள்ளே யாரோ நெருங்கி வந்து பேச, அந்தப் பதற்றத்தில் கையிலிருந்த ஆலிவ் காய்களை நழுவவிடுகிறான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுத் துக்கத்தின் இயல்பை, நேரம் குறித்துக்கொள்ளும் அந்தக் கவனமும் காய்களை நழுவவிடும் அந்தத் தடுமாற்றமும் சேர்ந்து காட்டுவதுபோல் வேறெதுவும் காட்டியதாக நான் அறியேன். நாவலாசிரியர் அன்றைய தினத்தை வியாழக்கிழமை என்று எழுதிவிட்டார். பஞ்சாங்கப்படி அது செவ்வாய். ஆனால் அன்று தொடங்கிய குடி சரியாக மூன்று வாரம் நீடித்து ஜூலை முதல் தேதி நின்றதென்பது தேச சரித்திரத்தோடு பொருந்துகிறது.

அது நின்ற காரணம் அமோரியின் விவேகமன்று, சட்டம். 1874-இல் தோன்றிய கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கமும், 1893-இல் ஒஹையோவில் பிறந்த மதுக்கடை எதிர்ப்பு லீகும், குடிகாரக் கணவன்மாரிடம் அவதிப்பட்ட பெண்களின் கண்ணீரையும் சர்ச்சுகளின் பலத்தையும் துணைக்கொண்டு வளர்த்த இயக்கம், யுத்த காலத்தில் தானியத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்ற நியாயமும், பீர் காய்ச்சும் ஜெர்மன் வம்சத்தார்மீது மூண்ட துவேஷமும் சேரவே, வெற்றி கண்டது. போர் ஓய்ந்து பத்து நாள் கழித்து, 1918 நவம்பர் 21 அன்று, ஜனாதிபதி வில்ஸன் யுத்தகால மதுவிலக்குச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அது 1919 ஜூன் கடைசியோடு அமலுக்கு வந்தது. 1920 ஜனவரி 17 முதல் அரசியல் சாசனத் திருத்தமே நாடெங்கும் செல்லுபடியாயிற்று. அவ்வாண்டிலேயே நிக்கர்பாக்கர் ஹோட்டலும் மூடப்பட்டுக் காரியாலயக் கட்டிடமாயிற்று. கோல் ராஜா பிற்பாடு செயின்ட் ரீஜிஸ் ஹோட்டலுக்குக் குடிபெயர்ந்தார்.

இதே வில்ஸன் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையின் தலைவராயிருந்தபோது, குலமும் செல்வமும் பார்த்து மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் போஜன கிளப்புகளை ஒழிக்க 1907-இல் முயன்று தோற்றவர் என்பதை இங்கே மறக்கலாகாது. 1913-இல் அங்கே சேர்ந்த ஃபிட்ஸ்ஜெரால்டும் ஒரு கிளப்பின் அங்கத்தினராகிப் பெருமைப்பட்டவர்தாம். ஆயினும் 1917-இல் சில மாணவர்கள் அந்தக் கிளப்புகளையே நிராகரித்துக் கிளம்பியபோது, அந்தத் தீரத்தில் அவர் மனம் நெகிழ்ந்தது; நாவலில் பர்ன் ஹாலிடே என்ற பாத்திரமாக அதற்கு உயிர் கொடுத்தார்.

காதல் முறிவும் அவர் அனுபவித்ததே. மாதம் 90 டாலருக்கு டிராம் வண்டி விளம்பரங்கள் எழுதிக்கொண்டிருந்தவரை, அலபாமா மாகாணத்து நீதிபதியின் புதல்வி ஸெல்டா 1919 ஜூனில் கைவிட்டாள். கையிலிருந்த கடைசிக் காசையும் குடித்துத் தீர்த்துவிட்டு, செயின்ட் பால் நகரத்துப் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பி, மேல்மாடி அறையில் அத்தியாயக் குறிப்புகளைத் திரைச்சீலையில் குத்தி வைத்துக்கொண்டு கோடை முழுவதும் எழுதினார். முன்னர் நிராகரித்த ஸ்கிரிப்னர் பிரசுராலயம் செப்டம்பரில் ஏற்றது; 1920 மார்ச் 26-இல் நூல் வெளிவந்து, 3,000 பிரதிகள் மூன்றே நாளில் விற்றன; ஏப்ரல் 3-இல் ஸெல்டாவுடன் விவாகம் நடந்தேறியது. மதுவோ அவரை விடவில்லை. 1933 டிசம்பரில் மதுவிலக்கு ரத்தானதற்கு வெகு முன்பே, சட்டத்துக்கு மறைவாகக் கிடைத்த சரக்கே அவர் தேகத்தை அரித்துவிட்டிருந்தது. 1940-இல் தமது 44-ஆம் வயதில் ஹாலிவுட்டில் காலமானார்.

இந்த நூலை உல்லாச வாலிபத்தின் கதையென்று போற்றுவோர் அதன் கடைசிப் பகுதியை அவசரமாகப் புரட்டிவிடுகிறார்கள். காசும் காதலும் இழந்த அமோரி தான் படித்த பிரின்ஸ்டனை நோக்கி நடந்தே புறப்பட, வழியில் ஒரு தனவந்தர் தம் மோட்டாரில் ஏற்றிக்கொள்கிறார். அவரிடமே அவன் பொதுவுடைமைக்காக வாதாடுகிறான். அந்த வாதம் பக்குவப்படாததென்பது மெய்யே. எனினும், மூன்று வாரம் மதுவில் மூழ்கியிருந்தவன் தன்னை விட்டுப் பிறரைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கும் இடம் அதுவாகையால், நாவலின் சிகரம் அங்கேதான் என்பது என் அபிப்பிராயம். அந்தத் தனவந்தர் பிரான்ஸ் யுத்தகளத்தில் மாண்ட அமோரியின் சகபாடி ஒருவனின் தகப்பனார் என்பது பிரியும் தறுவாயில் தெரியவருகிறது. கொள்கையில் சற்றும் விட்டுக்கொடுக்காமலே இருவரும் கைகுலுக்கிக்கொள்கிறார்கள்.