காமாலை: ஒரு நோய்ப்பெயரும் தில்லிக் கொள்ளைநோயும்

நோய்ப்பெயர்கள் பெரும்பாலும் இரு வகையில் அமைகின்றன. கண்ணுக்குப் புலனாகும் அறிகுறியால் அமைவது ஒன்று. நோய்க்குக் காரணமான கிருமியால் அமைவது மற்றொன்று. வடமொழிக் 'காமலா' தமிழில் 'காமாலை' ஆயிற்று. 'மஞ்சள்' என்னும் அடை சேர்ந்து 'மஞ்சட்காமாலை' எனவும் வழங்குகிறது. இந்தியின் 'பீலியா', பழம்பிரெஞ்சின் வழிவந்த ஆங்கில 'ஜாண்டிஸ்' ஆகியனவும் மஞ்சள் நிறத்தின் அடியாகப் பிறந்தவையே. இத்தகைய அறிகுறிப் பெயர் வெவ்வேறு நோய்களை ஒன்றெனக் காட்டிவிடும். கிருமியைச் சுட்ட எழுந்த பெயரும் அறிவு முதிருமுன் அவ்வாறே மயக்கந் தரலாம். 1955-56இல் தில்லியில் குடிநீர்வழிப் பரவிய காமாலை இதற்குச் சான்றாகும்.

1955இல் யமுனையின் போக்கு மாறியது. அதனால் நஜஃப்கர் வடிகாலின் கழிவுநீர், நவம்பரில், வசீராபாத் நிலையம் குடிநீர் எடுக்கும் இடம்வரை எதிரேறியது. நிலையத்தார் படிகாரத்தையும் குளோரினையும் கூட்டி இட்டனர். குடற்காய்ச்சலும் சீதபேதியும் பெருகவில்லை. ஆயினும் சில வாரங்களில் காமாலை நகரெங்கும் பரவியது. உடல் மஞ்சளித்தோர் தொகை மட்டும் ஏறத்தாழ 29,000 என மதிப்பிடப்பட்டது.

ஆய்வாளர் இதனைத் 'தொற்றுக் கல்லீரல் அழற்சி' எனப் பதிந்தனர். வாய்வழிப் பரவுவது ஏ வகை, குருதிவழிப் பரவுவது பி வகை என்னும் பாகுபாடே அக்காலத்தில் நிலவியது. எனவே தில்லி நோய் ஏ வகையாகவே கருதப்பட்டது. ஆனால் அப்பதிவுகளிலேயே அதனோடு பொருந்தாத செய்திகள் இருந்தன. ஏ வகை இந்தியாவில் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வந்து எதிர்ப்பாற்றலை விட்டுச்செல்வது. தில்லியிலோ வளர்ந்தோரே மிகுதியும் நோயுற்றனர். கருவுற்ற பெண்களிடையே இறப்பு மிகுந்திருந்தது.

ஏ வகை நச்சுயிரி 1973இல் கண்டறியப்பட்டது. அதனை இனங்காணும் குருதிச் சோதனைகளும் பின்னர் வந்தன. 1980இல் வெளியான ஆய்வொன்று, சேமித்து வைத்திருந்த தில்லி நோயாளரின் குருதிநீரைச் சோதித்து, அது ஏ வகையன்று எனக் காட்டியது. காசுமீரில் 1978இல் பரவிய நோய்பற்றிய ஆய்வும் அவ்வாண்டே இம்முடிவுக்கு வந்தது. நோய்க்கு அப்போது கிடைத்தது 'ஏ-யும் பி-யும் அல்லாதது' என்னும் எதிர்மறைப் பெயரே. 1983இல் சோவியத்து அறிஞர் பலயான், நோயாளரின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தாமே உட்கொண்டு நோயுற்று, நச்சுயிரித் துகள்களைக் கண்டார். 1990இல் அதன் மரபுக்கூறு பிரித்தறியப்பட்டது. 'ஹெபடைட்டிஸ் ஈ' என்னும் பெயர் நிலைபெற்றது.

மொழிபெயர்ப்பாளர் இவ்வரலாற்றில் கருதத்தக்கவை இரண்டு. 1957ஆம் ஆண்டு அறிக்கையிலுள்ள 'தொற்றுக் கல்லீரல் அழற்சி' என்பதை 'ஏ வகை' என்று மாற்றுவது பிழை. 'ஈ வகை' என்று மாற்றுவது அக்கால அறிவுக்கு முரண். பழம்பெயரை அவ்வாறே நிறுத்தி விளக்கம் தருவதே முறை. மேலும், தமிழில் 'ஈ' என்பது ஓர் உயிரியின் பெயருமாதலின், பொதுமக்களுக்கான அறிவிப்பில் 'ஈ வகைக் காமாலை' என்பது ஈயால் பரவும் நோய் என்று பொருள்பட்டுவிடலாம். தீங்கு குடிநீரில் இருப்பதையும், கருவுற்றோர்க்கு அது உயிர்க்கேடாகக் கூடும் என்பதையும் அவ்வறிவிப்பு வெளிப்படையாகச் சொல்லுதல் வேண்டும்.