அவிழ்த்த இடமே விடுதி



வைகாசியில் கருட சேவைக்குக் காஞ்சிபுரம் நிரம்பும்போது, “எங்கே இறங்கியிருக்கிறீர்கள்?” என்று ஒருவரையொருவர் கேட்பதை நாம் கேட்டிருக்கிறோம். வண்டியை விட்டு இறங்குவதும் தங்குவதும் நமக்கு ஒரே சொல்தான்.

லூக்கா எழுதிய கிரேக்கத்திலும் அப்படியே. ‘கத்தாலூவோ’ என்றால் அவிழ்த்துக் கீழே இறக்குதல். நுகத்திலிருந்து மாட்டை அவிழ்த்து, பொதியை இறக்கிய இடத்தில்தான் வழிப்போக்கர் இரவு தங்குவார். ஆகவே அதுவே ‘தங்குதல்’ ஆயிற்று. நம் ‘விடுதி’யும் ‘வீடு’ம் ‘விடு’ என்ற சொல்லில் பிறந்தவைதானே!

இந்த வினைக்கு இன்னொரு முகமும் உண்டு. கட்டியதை அவிழ்த்தால் அது குலையும். சட்டத்தை அழிக்க வரவில்லை என்று ஆண்டவர் சொல்லும்போது (மத் 5:17) மத்தேயு எழுதியது ‘கத்தாலூசாய்’. பாவியான சக்கேயுவின் வீட்டில் தங்கப் போய்விட்டாரே என்று எரிகோ மக்கள் முணுமுணுக்கும்போதும் (லூக் 19:7) அதே ‘கத்தாலூசாய்’, எழுத்து மாறவில்லை. ஊராரின் கண்ணில் அந்த ஓர் இரவுத் தங்கல், கட்டிக்காத்த ஒழுங்கைக் குலைப்பதாகவே பட்டது.

இதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் ‘கத்தாலூமா’. பெத்லகேமில் இடமில்லாமல் போனது அதில்தான் (லூக் 2:7). இறுதி இராவுணவுக்கு ஆண்டவர் கேட்ட அறைக்கும் (லூக் 22:11) அதே பெயர். நல்ல சமாரியர் காயப்பட்டவரைக் கொண்டுசேர்த்த சத்திரத்துக்கோ லூக்கா வேறு சொல் வைத்திருக்கிறார்: ‘பந்தொகேயோன்’, எல்லாரையும் ஏற்கும் இடம். எனவே பெத்லகேமில் நிறைந்திருந்தது ஒரு வீட்டின் விருந்தினர் அறையாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். நம் கிறிஸ்துமஸ் நாடகத்தில் கதவைச் சாத்தும் சத்திரக்காரர் அந்தப் பகுதியில் வருவதே இல்லை, பாவம்!

தறியே கூடத்தை அடைத்துக்கொண்ட நெசவாளர் வீடுகளை அறிந்த நமக்கு இது புரியும். அங்கே விருந்தாளிக்குத் திண்ணைதான்.

காஞ்சிக்கு வழிகாட்டும் பெரும்பாணாற்றுப்படையில், தொண்டைமான் இளந்திரையனைக் காணப் போகும் பாணனுக்கு வழியெங்கும் சோறு கிடைக்கிறது. வேட்டுவரும் இடையரும் உழவரும் தங்களிடம் உள்ளதைத் தருகிறார்கள்.

இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். வாடகைக்கு அறை கேட்டு நம் வாசலிலும் நிற்கிறார்கள். ஊர் எது, என்ன ஆட்கள் என்று கேட்ட பிறகு, “ஆள் வந்தாச்சு” என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். மாடி அறை அன்று காலியாகத்தான் இருந்தது.