சத்துணவுக் கூடமும் எடைத் தராசும்

1980களில் குழந்தைகளின் பசியைப் போக்கத் தமிழ்நாட்டில் இரண்டு திட்டங்கள் அக்கம்பக்கமாக நடந்தன. 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தை அறியாதவர் இல்லை. அதற்கு இரண்டாண்டு முன்பே, உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தின் பெயர் இன்று பலருக்கு நினைவில்லை.

அந்த மறந்துபோன திட்டம் ஆய்விலிருந்து பிறந்தது. பால் மறக்கும் பருவத்துப் பிள்ளைகளே அதிகம் வாடுகிறார்கள் என்று 1970களின் ஆய்வு சொன்னது. ஆகவே 6 முதல் 36 மாதக் குழந்தைகளைத் தேடிப் போனார்கள். மாதந்தோறும் தொங்கு தராசில் குழந்தையை உட்காரவைத்து எடை பார்ப்பார்கள். அட்டையில் ஒரு புள்ளி விழும். புள்ளிகளைச் சேர்த்த கோடு மேலே ஏறவில்லை என்றால் 90 நாள் சத்துருண்டை. ஊர்க்காரப் பெண்ணே பணியாளர் என்பதால், என்ன ஊட்டலாம் என்று தாயிடம் உரிமையோடு பேச முடிந்தது. கடுமையான எடைக்குறைவு கண்கூடாகக் குறைந்தது. ஆனால் எடை ஏறியதும் உருண்டை நின்றுவிடும். வறுமை மாறாத வீட்டில் தேறிய பிள்ளை எத்தனை நாள் தேறியே இருக்கும்?

சத்துணவில் அந்தக் கணக்கே கிடையாது. வந்த பிள்ளைக்கெல்லாம் தட்டு உண்டு. 1989 முதல் முட்டையும் சேர்ந்தது. பள்ளிக்கு வர அதுவே காரணமாயிற்று. அதன் குறை வயதில் இருக்கிறது: இரண்டு வயதுக்குப் பிறகுதான் தட்டு கிடைக்கும். கருவிலிருந்து முதல் ஆயிரம் நாளில்தான் வளர்ச்சிக்கு அடித்தளம் விழுகிறது.

என் கட்சி தராசின் பக்கம். சோற்றுக்கு இங்கே அரசியல் பலம் உண்டு, தராசுக்கு இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அடையாறை அடுத்த தரமணியில் 1988இல் ஆய்வு நிறுவனம் தொடங்கிய எம்.எஸ்.சுவாமிநாதன் மறைபசி என்று ஓயாமல் எச்சரித்தது இதைத்தான். வயிறு நிறைந்திருக்கும், ரத்தத்தில் இரும்பு இருக்காது.

அடையாறு வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்குக் கைக்குழந்தை இருந்தால், அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளைக் கேட்டு வையுங்கள். அன்று சம்பளம் பிடிக்காமல் அவரை அனுப்பி வையுங்கள்.