கதை கேட்பார் யார்? – ஜாலான் அம்பாஸ் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை



சில ஆண்டுகளுக்கு முன், கிள்ளானில் நான் கற்பித்த ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "ஐயா, என்னிடம் ஒரு படத்துக்குக் கதை இருக்கிறது. அதை யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும்?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "முதலில் கட்டுரையை எழுதி முடி" என்றேன். அவன் அமர்ந்துவிட்டான். அந்தக் கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை என்பது பிற்பாடுதான் உறைத்தது. விடை தேடியபோது கிடைத்த வரலாற்றையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

படத்தயாரிப்பாளரிடம் கதை சொல்லி ஒப்புதல் பெறுவது ஒரு தனிக் கலை. கதையின் உயிர்நாடியை ஓரிரு வரிகளில் சொல்லிவிட வேண்டும். கோடம்பாக்கத்தில் அதனை 'ஒன்லைன்' என்பர். அதுவும் போதாது, 'இதனை யார் பார்ப்பார்கள்?' என்ற கேள்விக்கும் விடை வைத்திருக்க வேண்டும். நம் நாட்டில் இக்கலையில் வென்ற முன்னோடிகளுள் ஒருவர் எல். கிருஷ்ணன். 1922-இல் சென்னையில் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்தவர். சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் நடத்திய மலாய் பட நிறுவனத்தில் இயக்குநராக அமர்ந்தார். பி. எஸ். ராஜ்ஹன்ஸ், எஸ். இராமநாதன், பி. என். ராவ், பானி மஜும்தார் எனப் பல இந்திய இயக்குநர்கள் அக்காலத்தில் மலாய்ப் படங்களை உருவாக்கினர்.

1950-இல் வெளிவந்த 'பக்தி' படத்திற்குக் கதாநாயகனாக, அதுவரை பின்னணி பாடியும் சிறு வேடங்களில் நடித்தும் வந்த பினாங்கு இளைஞர் பி. ரம்லியைக் கிருஷ்ணன் தேர்ந்தார். கதாநாயகனுக்குரிய தோற்றம் இல்லையே என்று நிறுவனத்தார் தயங்கினர் என்பர். கிருஷ்ணன் தம் எண்ணத்தில் உறுதியாக நின்றார். அப்படத்தில் ரம்லி நடித்ததோடு தம் பாடல்களைத் தம் குரலிலேயே பாடினார். மலாய்த் திரையுலகின் மாபெரும் கலைஞர் அவ்வாறுதான் முதன்முதலாகக் கதாநாயகன் ஆனார். பின்னாளில் கோலாலம்பூரை அடுத்த உலு கிள்ளானில், 1960-களின் தொடக்கத்தில் எழுந்த மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையத்திலும் கிருஷ்ணனின் பணி தொடர்ந்தது. 1981-இல் அமைக்கப்பெற்ற தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமாகிய பினாஸ், பின்னர் அவ்விடத்திலேயே நிலைகொண்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்மவர் மலாய்க் கதையைச் சொன்னபோது கேட்க முதலாளிகள் இருந்தனர். தோட்டத்து லயத்தில் வாழ்ந்த நம் கதையைத் தமிழில் சொல்ல முனைந்தபோது நிலைமை வேறாயிற்று. மலேசிய மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே. அந்தச் சிறிய சந்தையிலும் தமிழகத்து நட்சத்திரங்களின் படங்களோடு போட்டியிட வேண்டும். பணம் போடுபவர் தயங்குவதில் வியப்பில்லை.

ஆயினும் சொன்னவர்கள் உண்டு. தீபக் குமாரன் மேனன், தம் தாயாரின் இளமைக்கால நினைவுகளைக் கொண்டு 'செம்மண் சாலை' (2005) என்ற படத்தை எடுத்தார். 1960-களின் ரப்பர் தோட்டத்தில், பல்கலைக்கழகம் செல்ல ஏங்கும் ஒரு பெண்ணின் கதை அது. பிரான்சின் நான்ட் நகர்த் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது. அடுத்து அவர் எடுத்த 'சலங்கை' (2007), பிரிக்பீல்ட்ஸில் வாழும், நடனம் பயிலக் கனவு காணும் சிறுமியின் கதை. அதற்கு உதவியது நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவைச் சேர்ந்த ஹூபர்ட் பால்ஸ் நிதி. நம் தெருவின் கதைக்குக் கடல் கடந்த ஓர் ஊர் செவிசாய்த்தது!

பின்னர் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015 டிசம்பரில் திரைக்கு வந்தது. 1990-களின் தொடக்கத்தில், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பமொன்றில் வளரும் அப்போய் என்னும் சிறுவன்தான் நாயகன். மறு ஆண்டு, 28-ஆம் மலேசியத் திரைப்பட விழாவின் பரிந்துரைப் பட்டியலில் இப்படம் மலாய்மொழி அல்லாத படங்களுக்கென வகுத்த பிரிவில் வைக்கப்பட்டது. மலாய்க் கலைஞர்கள் உட்படப் பலர் அப்பிரிவினையை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். விதி திருத்தப்பட்டது, 'ஜகாட்' சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. தமிழில் சொன்ன கதையும் மலேசியக் கதையே என்பது அன்று மேடையில் உறுதியாயிற்று.

அப்போய் குறும்புக்காரன், ஆனால் கற்பனை மிகுந்தவன். அவனைத் திரையில் கண்டபோது, என் வகுப்பில் சிரிப்புக்கு ஆளான மாணவனே நினைவுக்கு வந்தான். கட்டுரையில் மனப்பாடம் செய்த மரபுத்தொடர் இருந்தால் புள்ளி கொடுத்தோம். சொந்தக் கதை இருந்தால் 'தலைப்பை விட்டு விலகியது' என்று சிவப்பு மையால் கோடிட்டோம். அத்தவற்றை நானும் செய்தேன். தயாரிப்பாளர் செவிமடுக்கவில்லை என்று வருந்தும் நாம், ஒரு பிள்ளையின் கதைக்கு முதல் செவியாக இருந்தோமா?

ஆசிரியர்களே, வாரத்தில் ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். 'உன் கதை யாரைப் பற்றியது? அவருக்கு என்ன வேண்டும்? எது தடுக்கிறது?' என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். பெற்றோர்களே, தாத்தா பாட்டி பால்மரம் சீவிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 'செம்மண் சாலை' ஒரு தாயின் வாய்மொழியில் தொடங்கியதுதானே!

இன்று அம்மாணவன் வந்து கேட்டால் என் விடை இதுதான்: "முதலில் என்னிடம் சொல், தம்பி."