எழில்: ‘ஆனால்’ பின்னால் வரும் நிரல்மொழி

நிரல்மொழிகளை உருவாக்கியவர்கள் யார் என்று கேட்டால் டென்னிஸ் ரிட்சி, நிக்லாஸ் விர்த், கீடோ வான் ராசம் என்று பட்டியல் போடுவோம். முத்து அண்ணாமலை பெயரை நம்ம ஆட்களே சொல்வதில்லை. அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற பொறியாளர். ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கி, அதன் இலக்கணத்தை விளக்கும் கட்டுரையை 2009 ஜூலையில் ஆர்க்கைவ் தளத்தில் வெளியிட்டவர்.

“பிரிண்டுக்குப் பதிலா ‘பதிப்பி’ன்னு போட்டா தமிழ் நிரல்மொழி ஆயிடுமா?” என்று கூட வேலை பார்க்கும் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எழிலில் சொல் மட்டும் மாறவில்லை, வரிசையும் மாறியிருக்கிறது.

சி, பைத்தான் இரண்டிலும் ‘இஃப்’ முதலில் வரும், நிபந்தனை பிறகு வரும். அது ஆங்கில வாக்கிய அமைப்பு. நாம் ‘35 மார்க் எடுத்தா பாஸ்’ என்போம். நிபந்தனையை முதலில் சொல்லிவிட்டு, ‘ஆல்’ விகுதியைப் பின்னால் சேர்ப்போம். எழிலும் அப்படியே:

@(மதிப்பெண் >= 35) ஆனால்
  பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
  பதிப்பி "மறுதேர்வு"
முடி

சுழற்சிக்கான ‘வரை’யும் இதே மாதிரி நிபந்தனைக்குப் பின்னால்தான் வரும். இதையெல்லாம் படித்து, இலக்கணப்படி பிரித்து இயக்கும் நிரல் பைத்தானில் எழுதப்பட்டது.

அவருடைய இன்னொரு முயற்சி ‘ஓப்பன்-தமிழ்’ நிரல் தொகுப்பு. ‘கடத்தூர்’ எத்தனை எழுத்து என்று பைத்தானிடம் கேட்டால் 8 என்கும். புள்ளியையும் துணைக்குறியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. எங்க ஊர் ஒன்றாம் வகுப்புக் குழந்தை க, ட, த், தூ, ர் என்று எண்ணி 5 என்று சொல்லும். ஓப்பன்-தமிழும் 5 என்றே சொல்லும்.

எழில் தெரிந்தால் வேலை கிடைக்குமா? கிடைக்காது. அதற்காக உருவாக்கியதும் இல்லை. தமிழ் பேசும் புதியவர்களுக்கானது என்று 2009 கட்டுரையே சொல்கிறது. 1970ல் விர்த் வெளியிட்ட பாஸ்கலும் கற்பிப்பதை மனதில் வைத்து வந்ததுதான்.

கடத்தூர் பக்கம் தமிழ் வழியில் படிக்கிற ஒரு பிள்ளை நிரல் பாடத்தில் திணறினால், அதற்குப் புரியாதது தர்க்கமா, ஆங்கிலமா என்று நாம் பார்ப்பதே இல்லை. ‘இவனுக்குக் கம்ப்யூட்டர் வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். முதல் சில வாரம் எழிலில் சொல்லிக்கொடுத்தால் விஷயம் தெரிந்துவிடும். அப்புறம் பைத்தானுக்குப் போகட்டும், யார் வேண்டாம் என்றது?